செய்து காட்டும் அக்கா

அந்த அக்காவுக்கு எதையும் சொல்லத் தெரியாது. செய்து காட்டத்தான் தெரியும். பஸ் பிந்திப்போச்சு என்று சொல்லவேண்டுமென்றால் முதலில் டிரைவராவார், பிறகு கொண்டக்டராவார், பிறகு ஸ்பிரிங்வெளி ஏற்றத்தில் ஏறமாட்டேன் என்று அடம்பிடிக்கிற பஸ்ஸாகவே ஆகிவிடுவார். பஸ் ஏன் பிந்தியது என்பது மட்டும் கடைசிவரை நமக்குத் தெரியவராது. அதைக் கேட்கவேண்டும் என்ற நினைப்பும் நமக்கு வராது.

நான் அவரைச் சந்தித்தது பதுளையில், என் அலுவலகத்தில். பொலிஸ்காரர் பிழை விட்டால் அதைப் பொலிஸிடமே போய் முறையிடச் சொன்னால் யார் போவார்? அதற்காகவே தனியாக வைத்திருந்த அலுவலகம் அது. உள்ளே இருந்த ஒருவரும் காக்கி போட்டவர் இல்லை. விசாரணை அதிகாரி ஓய்வுபெற்ற சிங்களப் பாடசாலை அதிபர். அவர் சிரித்து நான் கண்டதில்லை. நான் மொழிபெயர்ப்பாளன். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து மாவட்டக் கச்சேரி அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்து இங்கேயே தங்கிவிட்டவர். நான் பிறந்ததும் படித்ததும் பதுளைதான், ஆனால் வாயைத் திறந்தால் யாழ்ப்பாணம்தான் குதிக்கும். அம்மா வளர்த்த வளர்ப்பு அப்படி.

எங்களிடம் வருகிற சனம் வாசலில் நின்று முன்னும் பின்னும் பார்க்கும். பிறகு உள்ளே வந்து, ஏதோ தாங்கள்தான் குற்றம் செய்தவர்கள் மாதிரி மூச்சுக் குரலில் பேசும். அக்கா வந்த அன்று கீழே போட்டோக்கொப்பிக் கடைக்காரர் படியேறி ஓடிவந்து, “மேல யாருக்கு அடி விழுது?” என்று கேட்டார்.

நான் வழக்கம்போலத்தான் தொடங்கினேன். “இருங்கோ அக்கா. ஆறுதலாச் சொல்லுங்கோ. என்ன நடந்தது?”

“நடந்ததா? அந்தக் கதிரைய கொஞ்சம் நவுத்துங்க சேர், காட்டுறேன்.”

கடவுளே! குச்சி மாதிரி ஒல்லியான அந்த மனுசி இரண்டு கையாலும் இல்லாத பெல்டைப் பிடித்து மேலே தூக்கினார். தொண்டையைச் செருமினார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தொந்தி தெரிந்தது. அப்படியே அதிபரைப் பார்த்துச் சிங்களத்தில், “என்னடா பல்லக் காட்டுற?” என்று ஒரு அதட்டு. அதிபர் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டார்.

என் தொழிலில் ஒரு விதி உண்டு. ‘அவர் இப்படிச் சொல்கிறார்’ என்று நாங்கள் மொழிபெயர்க்கக்கூடாது. பேசுகிறவர் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றே சொல்லவேண்டும். நல்ல விதிதான். ஆனால் அக்கா ஒரு நிமிஷத்துக்குள் தன் தம்பியாகி, தோட்டத்துத் தொரையாகி, கணக்கப்பிள்ளையாகி, ஐயையோ என்று தலையில் கைவைக்கிற கிழவியாகித் திரும்பவும் அந்தத் தொந்திப் பொலிஸ் சார்ஜனானால் நான் என்ன செய்வது? நானும் பின்னாலேயே ஓடினேன். “நான் ஒண்டும் செய்யேல்லை!” “நான்தான் தொரை!” “ஐயோ எம்புள்ள!” என்று சிங்களத்தில் கத்திக் களைத்துப்போனேன். அதிபர் எனக்கொரு கிளாஸ் தண்ணீர் ஊற்றித் தந்தார். அக்காவுக்கு வேர்க்கவே இல்லை.

நடந்தது இதுதான். அவர்களுடைய தேயிலைத் தோட்டத்தில் தண்ணி மோட்டர் காணாமல் போயிற்று. தொரை பொலிஸுக்குப் போன் அடித்துச் சொன்னார். விடியற்காலை பெரட்டு நேரம், அதாவது யாருக்கு எந்த மலையில் வேலை என்று பெயர் கூப்பிட்டுப் பிரித்துவிடுகிற நேரம், சார்ஜன் ஜீப்பில் வந்து இறங்கினார். அக்காவின் தம்பி தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற ஆள். பெரட்டில் பகடி விட்டு எல்லோரையும் சிரிக்கவைக்கிறவன். அன்றைக்கும் யாருக்கோ ஏதோ சொல்லிவிட்டுச் சிரித்திருக்கிறான். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறான் என்று சார்ஜன் நினைத்தார். பெரட்டுக்களத்தில் நிறைந்து நின்ற அத்தனை சனத்துக்கும் முன்னால் ஒரு அறை. இடது காதில் செவிப்பறை கிழிந்தது. அந்தக் காது இனிக் கேட்காது என்று பதுளை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

மோட்டர் திருட்டுப் போகவே இல்லை. பழுது பார்க்கவென்று தோட்டத்து ஒபிஸ்தான் அதைப் பதுளைக்கு அனுப்பியிருக்கிறது. அனுப்பியவர் லீவில் போய்விட்டார், சொல்ல மறந்துவிட்டார். அடுத்த கிழமை மோட்டர் புதுப் பெயின்ட் அடித்துக்கொண்டு லொறியில் வந்து இறங்கியது.

“என்ன வேணும் உங்களுக்கு?” என்று அதிபர் கேட்டார்.

அப்போதுதான் அக்கா முதல் தடவையாகக் கதிரையில் உட்கார்ந்தார். “அந்த மனுசன் வேல போகணும்னு இல்லீங்க. அவருக்கும் புள்ளகுட்டி இருக்கும். ஏந்தம்பி பெரட்டுக்கு வரணுங்க. அன்னையிலேருந்து வரல. விடியமுன்னமே பின்பக்கப் பாதையில எறங்கி ஹாலிஎலயில யாரோ தோட்டத்துல மரக்கறி நடப் போறான். இருட்டினப்பொறகு வாறான். ஒரு ஆள் மொகத்துல முழிக்க மாட்டேங்குறான். பகடி விட்ட வாயி சேர் அது, இப்ப தண்ணி கேக்கக்கூட தொறக்குதில்ல.”

சொல்லிவிட்டு அழுவார் என்று நான் பார்த்தால், எழுந்து வாசல்வரை போய்த் திரும்பினார். மூக்குக் கண்ணாடியை ஒற்றை விரலால் மேலே தள்ளினார். கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தார். “இருங்கோ அக்கா. ஆறுதலாச் சொல்லுங்கோ.” அச்சு அசல் நான்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அரசாங்க உத்தியோகத்தன் ஒருவனை இப்படியா? சில நாள் கழித்து பதுளைச் சந்தையில் அக்கா மரக்கறிக்காரிக்கு இதைச் செய்து காட்டியதை என் மனைவி தற்செயலாகப் பார்த்துவிட்டு வந்து, “இஞ்சாருங்கோ, உங்களை மாதிரி உங்களுக்கே இருக்கத் தெரியாது” என்றாள். அதன் பிறகு நான் கண்ணாடியைத் தள்ளுவதை நிறுத்தப் பார்த்தேன். முடியவில்லை.

இந்த வித்தை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். மாசியில் தோட்டத்தில் காமன் கூத்து ஆடுவார்கள். ரதி வேஷமும் ஆம்பிளைதான் கட்டவேண்டும். அக்காவுக்கு எல்லா வேஷத்தின் பாட்டும் மனப்பாடம், ஆனால் ஒருவரும் களத்தில் இறக்கவில்லை. ஒரு வருஷம் ரதிக்குத் தொண்டை கட்டிப்போக, அக்கா ஓரத்தில் படங்குத் திரைக்குப் பின்னால் குந்தியிருந்து பாடியிருக்கிறார். ரதி வாயை மட்டும் அசைத்திருக்கிறார்.

“அந்த வருசம் ரதி அழுத அழுகைக்குத் தோட்டமே அழுதுச்சு சேர். ஆனா எங்காளுங்களுக்கு ஒரு வியாதி இருக்கு. பாத்துக்கிட்டு சும்மா இருக்க மாட்டானுங்க. ஒருத்தன் அடி தப்பா வச்சான்னா பாக்குறவன் எந்திரிச்சு வந்து, ‘இப்புடி வைடா’ன்னு ஆடிக் காட்டிட்டுத்தான் போயி ஒக்காருவான். எமன் செத்தாக்கூட, ‘நல்லா சாகல’ம்பான்.”

நான் சிரித்துவிட்டு மறந்துவிட்டேன்.

விசாரணை தொடங்கியது. சார்ஜன், “கொஞ்சம் தள்ளி நில் என்று தோளில் தொட்டேன், அவ்வளவுதான்” என்று எழுதிக் கொடுத்திருந்தார். பார்த்த சாட்சிகளைக் கூப்பிட்டோம். களம் நிறைய ஆள் இருந்ததல்லவா, ஒருவருமே எதையுமே பார்க்கவில்லை! ஒரு தாத்தா குனிந்து செருப்பு வாரைக் கட்டிக்கொண்டிருந்தாராம். பதுளைக்கு வந்தபோதே வெறுங்கால். கொழுந்து பறிக்கிற அக்கா ஒருவர் மழை வருமா என்று மேகம் பார்த்துக்கொண்டிருந்தாராம். தொழிற்சங்கத் தலைவருக்கு அந்த நேரம் பார்த்துத் தும்மல் வந்துவிட்டதாம். “எவ்வளவு நேரம் தும்மினீர்கள்?” என்று அதிபர் கேட்டார். “முடியிறவரைக்கும் தும்மினேங்க” என்றார் தலைவர். ஒரு பொடியன் போனில் வீடியோ எடுத்திருந்தான். ஆவலோடு போட்டுப் பார்த்தோம். முழுக்கப் பனிமூட்டம், நடுவில் அவனுடைய பெருவிரல்.

பயம்தான், வேறென்ன. நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் அதே பொலிஸுக்குத்தானே போகவேண்டும். நான் அவர்களைக் குறைசொல்லமாட்டேன். ஆனால் எரிச்சல் வந்தது, பொல்லாத எரிச்சல். சாட்சி இல்லாவிட்டால் விசாரணைக் கோவையை மூடவேண்டியதுதான் என்று அதிபரும் சொல்லிவிட்டார். அக்காவுக்கு இதை நான்தான் சொன்னேன்.

அக்கா கொஞ்சம் யோசித்தார். “சேர், பெரிய சேர அங்க ஒருக்கா வரச்சொல்லுங்க. எடத்தப் பாக்க வேணாமா?”

போனோம். சார்ஜனும் வந்தார், சாதாரண உடுப்பில், மடிப்புக் கலையாத புதுச் சேர்ட். தொரையிடம் சொல்லிப் பெரட்டு முடிகிற நேரத்தில் ஆட்களை நிற்பாட்டி வைத்திருந்தார்கள். அதிபர் கேட்டார், நான் தமிழில் சொன்னேன். செருப்புத் தாத்தா நிலத்தைப் பார்த்தார், மேகக்கார அக்கா மேகத்தைப் பார்த்தார். தலைவர் தும்மலுக்கு ஆயத்தமானார்.

“நான் காட்டவாங்க?” என்றார் அக்கா.

அதிபர் தலையாட்டினார். அக்கா செய்தார். ஐயோ, அவர் செய்த கூத்து! தம்பியைக் கொண்டுபோய்க் கொழுந்து நிறுக்கிற கொட்டிலடியில் நிற்பாட்டினார். சார்ஜனைக் கோயில் பக்கமிருந்து கூட்டிவந்தார். இடது கையால், வலது காதில், குழந்தையைத் தட்டித் தூங்கவைக்கிற மாதிரி ஒரு தட்டு. எல்லாமே பிழை! அலுவலகத்தில் செய்தது ஒன்று, இங்கே செய்வது ஒன்று. குடி கெட்டுது, மனுசி பயத்தில் குழம்பிப்போனா என்று நினைத்தேன். கிட்டப் போய், “அக்கா, அது இடது காதெல்லோ?” என்று குசுகுசுத்தேன்.

அக்கா ஒற்றை விரலால் இல்லாத கண்ணாடியைத் தள்ளினார். “ஆறுதலா இருங்கோ தம்பி.”

இருந்தாற்போல் பின்னாலிருந்து ஒரு குரல். “ஏம்புள்ள, என்னா கண்றாவி இது! அவன் எங்க அங்க நின்னான்?”

செருப்புத் தாத்தா! தாங்கமுடியாமல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அக்காவின் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் நிற்பாட்டினார். “இந்தா, இங்க நின்னான். மொகம் இப்புடி.”

“இன்னும் ரெண்டடி இங்கிட்டு வரணும்” என்றார் தலைவர், தும்மலை மறந்து. “நான் பக்கத்துலதான நின்னேன், எனக்குத் தெரியாதா?”

“எடது கையா? சோத்துக் கையாலதான போட்டாரு!” மேகக்கார அக்கா இறங்கி வந்துவிட்டார். “தொப்பிய கழட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டுப் போட்டாரு. தொப்பிய விட்டுட்டியே!”

“ஜீப்பு கோயில் பக்கமா வந்துச்சு? ரோட்டுப் பக்கமா வந்துச்சு!”

“மொதல்ல காலருல புடிச்சாரு, அப்பறந்தான் அறை!”

பொங்கிவிட்டது களம். எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. நான் செருப்புத் தாத்தாவாகி, தலைவராகி, மேகக்கார அக்காவாகிச் சிங்களத்தில் கத்திக்கொண்டிருந்தேன். அதிபர் ஒரு கையை உயர்த்தி, “ஒவ்வொருவராக, ஒவ்வொருவராக!” என்று பள்ளிக்கூடத்தில் கத்துகிற மாதிரிக் கத்தினார். யார் கேட்டார்கள்? திருத்தத் திருத்த அக்கா அதையெல்லாம் வாங்கிக்கொண்டு மறுபடி தொடங்கினார். இந்தத் தடவை ரோட்டுப் பக்கமிருந்து வந்தார். தொப்பி கக்கத்துக்குப் போயிற்று. காலரைப் பிடித்தார். வலது கை மேலே போய் இறங்கியது. அடுத்த நொடி தம்பியாகி, இரண்டு சுற்றுச் சுற்றி ஓரத்து வடிகால் கானுக்குள் போய்த் தொபுக்கென்று விழுந்தார்.

“ஆமா! அப்புடித்தான்!” என்று சனம் ஆர்ப்பரித்தது.

சார்ஜனின் முகம் சிவந்துபோயிற்று. இவ்வளவு நேரமும் பொறுத்திருந்தவர், அக்கா கானுக்குள் உருண்டதைக் கண்டதும் பொறுக்கமுடியாமல் முன்னால் பாய்ந்தார். “அநியாயம் சேர்! இவ்வளவு பலமாக நான் அடிக்கவில்லை!” என்றார் சிங்களத்தில்.

தொழில் பழக்கம். யோசிக்காமல் தொண்டை கிழிய நானும் தமிழில் கத்தினேன். “இவ்வளவு பலமா நான் அடிக்கேல்லை!”

சார்ஜன் தன் வாயைத் தானே கையால் பொத்தினார். பிறகு எங்கிருந்தோ ஒரு கிழவி களுக்கென்று சிரிக்க, மலையே சிரித்தது. கானுக்குள் கிடந்த அக்கா எழும்ப மனமில்லாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். அதிபர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு சவுக்கு மரத்தை வெகுநேரம் ஆராய்ந்தார். அவருடைய தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். பிறகு திரும்பிவந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லோருடைய வாக்குமூலத்தையும் முறையாக எழுதச்சொன்னார். இந்தத் தடவை ஒருவரும் மேகம் பார்க்கவில்லை.

ஒழுக்காற்று நடவடிக்கைக்கான சிபாரிசு மேலே போயிற்று. அது தன் பாட்டில் நடந்தது. சார்ஜன் தணிந்து வந்தார். அலுவலகத்தில் வைத்து மன்னிப்புக் கேட்கிறேன் என்று சொல்லியனுப்பினார்.

“அடிச்சது ரூமுக்குள்ளயாங்க?” என்று கேட்டார் அக்கா.

பெரட்டுக்களத்தில் வந்து கேள் என்று கட்டளையிட எங்களுக்கு அதிகாரம் கிடையாது. அதிபர் சார்ஜனைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் பேசினார். பழைய மாணவனிடம் பேசுகிற மாதிரிப் பேசியிருப்பார் என்று நினைக்கிறேன். சார்ஜன் வெளியே வரும்போது முகம் தொங்கிக்கிடந்தது, ஆனால் சரி என்றுவிட்டார்.

மன்னிப்புக்குக் குறித்த நாள் விடியலில் சனம் முழுக்கக் களத்தில் நின்றது. வேலையில்லாத கிழடுகட்டைகளும் வந்திருந்தன. தம்பியை மட்டும் காணோம். “வாறேன்னு சொல்லல, வரலன்னும் சொல்லல” என்றார் அக்கா. சார்ஜன் மணிக்கூட்டைப் பார்த்தார். கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடாமல் நின்றார். அக்கா இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு லயத்து வீடுகளின் பக்கம் பார்த்தபடி நின்றார். அவரை அப்படிச் சும்மா நிற்க நான் அதற்கு முன்னால் கண்டதில்லை. வாடா தம்பி, வந்துவிடடா என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

வந்தான். முகம் வழித்திருந்தான். ஒருவரையும் பார்க்காமல் நேரே நடந்துவந்து, முன்பு நின்ற அதே இடத்தில் வந்து நின்றான்.

சார்ஜன் அவனருகே போய், தன் சேர்ட் பொத்தானுக்குச் சொல்வதுபோல் சிங்களத்தில் முணுமுணுத்தார். நான் களத்துக்குக் கேட்கச் சொன்னேன். “நான் உங்களை அடிச்சது பிழை. என்னை மன்னிச்சுக் கொள்ளுங்கோ.”

“டேய், சார்ஜன் யாழ்ப்பாணம் பேசுறாருடோய்!” என்றது ஒரு குரல். சிரிப்பு. தம்பி சிரிக்கவில்லை. சார்ஜன் நின்ற பக்கத்துக் காதைக் கையால் தொட்டான்.

“கேக்கலங்க” என்றான்.

சிரிப்பு நின்றது.

“இந்தக் காது கேக்காதுங்க. அந்தப் பக்கமா வந்து சொல்லுங்க.”

அதைச் சிங்களத்தில் சொன்னேன். சார்ஜன் அவனைப் பார்த்தார். பிறகு நடந்தார். அவனுடைய முதுகைச் சுற்றிக்கொண்டு, அத்தனை சனமும் பார்க்க, வலது பக்கம் வந்து நின்றார். என்னைப் பார்த்து வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, உடைந்த தமிழில் தானே சொன்னார். “நான் அடிச்சது தப்பு, தம்பி. மன்னிச்சுக்க.” களத்தின் கடைசிவரை கேட்டது.

“சரிங்க” என்றான் தம்பி. பிறகு கணக்கப்பிள்ளை பக்கம் திரும்பினான். “எனக்கு எந்த மலைங்க?”

கணக்கப்பிள்ளை மலையைச் சொன்னார். அவன் போய்க் கவ்வாத்துக்காரர் வரிசையில் நின்றான். அக்கா தொப்பென்று நிலத்தில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதார். நானும்தான் அழுதேன். அரசாங்க உத்தியோகத்தன் அழக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை.

மாற்றலாகிப் போகுமுன் கடைசியாக ஒருதடவை அவர்கள் லயத்துக்குப் போனேன். சொந்தக்காரர் யாரோ அப்புத்தளையிலிருந்து வந்திருந்தார்கள். அக்கா அவர்களுக்கு அந்தப் பெரட்டைச் செய்து காட்டிக்கொண்டிருந்தார். அதிபரைச் செய்தார், சவுக்கு மரத்தைச் செய்தார், என்னைச் செய்தார், இந்தத் தடவை நான் கோபிக்கவில்லை. சார்ஜன் முணுமுணுத்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டார். அடுத்த வசனத்தைத் தானே சொல்லாமல், வீட்டுக்குள்ளே பார்த்துக் கூப்பிட்டார். “தம்பி! ஒன் வேசம் வந்திருச்சு, வா!”

சோறு தின்ற கையைக் கழுவாமலே அவன் ஓடிவந்தான். கேட்காத காதைத் தொட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றான். “அந்தப் பக்கமா வந்து சொல்லுங்க.” அக்கா தொந்தியைத் தூக்கிக்கொண்டு சுற்றி நடந்துவந்து வாயைத் திறந்தார்.

“இன்னும் கேக்கலங்க” என்றான் தம்பி. “இன்னொரு சுத்து வாங்க.”

அக்கா தலையில் அடித்துக்கொண்டு இன்னொரு சுற்று நடந்தார்.